காலி இடத்தில் ஒரு பெரியவர்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையில், பச்சைத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்கத் தேவையில்லை. கடைகளின் போர்டுகளைப் பார்த்தால் போதும். விலை நன்றாக இருந்த காலத்தில் போர்டில் கடையின் பெயர் மட்டும் இருந்தது. விலை இறங்க ஆரம்பித்ததும் கீழே 'டீத்தூள் கிடைக்கும்' என்று ஒரு வரி சேர்ந்தது. இன்னும் இறங்கியபோது தைலமும் வர்க்கி பிஸ்கட்டும் ஹோம்மேட் சாக்லேட்டும் வந்தன. அடிமட்டத்துக்கு வந்த வருடம், ஒரே தகரத்தில் தேன், மிளகு, எஸ்.டி.டி., ஜெராக்ஸ், ரூம் வாடகைக்கு, ஊட்டி சுற்றிப் பார்க்க ஜீப், நாய்க்குட்டிகள் எல்லாம் இருந்தன. அதை முழுக்கப் படிக்க வேண்டுமென்றால் காரை ஓரங்கட்டி, இறங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு நேரம் நிற்கிறவனுக்குப் பசி வந்துவிடும். அடுத்த கடைக்குச் சாப்பிடப் போய்விடுவான்.

நான் அப்போது கோவை நாளிதழ் ஒன்றின் ஊட்டி நிருபர். அதற்கு முன்பு அதே பத்திரிகையின் அலுவலகத்தில் பக்கம் போடும் வேலையில் இருந்தேன். எந்தச் செய்தி எங்கே, படம் எவ்வளவு பெரிது, தலைப்புக்கு எத்தனை வரி, சுற்றிலும் எவ்வளவு வெள்ளை என்று தீர்மானிக்கிற வேலை. வெள்ளை இடம் என்பது மூச்சு விடுவதற்கான இடம் என்று நான் சொல்வேன். விளம்பரப் பிரிவு மேலாளர், குழாயை மூடாமல் விட்டு ஊருக்குப் போய்விட்டவரைப் போலப் பதறுவார். இந்தச் சண்டை முற்றித்தான் என்னை மலைக்கு அனுப்பினார்கள் என்று என் மனைவி சொல்வாள். மலையிலிருந்து நான் தினமும் தேயிலை விலை பற்றிச் செய்தி அனுப்பினேன். "இன்னைக்கும் தேயிலைதானா? அங்க வேற ஒண்ணுமே நடக்காதா?" என்று ஃபோனில் கேட்பார்கள். நடந்தது. விலை கிடைக்காத தோட்டக்காரர்கள் சாலையோரம் இலையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதுவும் தேயிலைதான்.

என் மனைவியின் தம்பிக்கு எல்லநள்ளிக்குக் கீழே சரிவில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம் இருந்தது. மாமனார் அரசுத் தொழிற்சாலையில் ரிட்டயரானபோது வாங்கிப்போட்டது. பறித்த இலையை எடுத்துக்கொண்டு போனால் ஃபேக்டரியில் வாசலிலேயே நிறுத்தி, "இன்னைக்கு எடை போடலீங்க, நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்குப் போனால் இலை கறுத்துவிட்டது என்றார்கள். அவனும் அவன் மனைவியும் யோசித்து, இலையை விற்பதற்குப் பதிலாகத் தூளை வாங்கிப் பொட்டலம் கட்டி, டூரிஸ்ட்டுகளுக்கு நேரடியாக விற்பது என்று முடிவு செய்தார்கள். சாலை வளைவில் ஒரு தகரக் கொட்டகையை சீசன் வரைக்கும் பேசிப் பிடித்தார்கள்.

சீசன் வரைக்கும் என்பதற்குக் காரணம் இருந்தது. மச்சினன் மனைவியின் அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கைக்கு செக்கிங்கில் ஒரு வேலையும் தங்கை புருஷனுக்கு லோடு ஏற்றும் வேலையும் சொல்லி வைத்திருந்தார். சீசன் முடியும்வரை வேறு ஆள் போடாமல் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். எல்லநள்ளியில் பாதிப் பேர் ஏற்கனவே போயிருந்தார்கள். மச்சினன் போகத் தயார். அவள்தான் மறுத்தாள். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பிறந்து, ஸ்வெட்டர் போடாத ஒரு நாளையும் அறியாதவள். என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, போன தீபாவளிக்கு அங்க போயிருந்தனுங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்தேன். மண்டைக்குள்ள சுத்துது. அங்கெல்லாம் என்னால பொழைக்க முடியாதுங்க. இந்தக் கடை நிக்கோணும்."

கடை நிற்பதற்கு முதலில் கார் நிற்க வேண்டும். அதற்குத்தான் போர்டு.

மச்சினன் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வாசகம் எழுதிக்கொண்டு வந்தான். பின்பக்கம் போதாமல் முன்பக்கத்தில் ராகுகாலத்துக்கு மேலும் எழுதியிருந்தான்.

"மாமா, நீங்க பேப்பர்காரரு. இத அழகாச் செஞ்சு குடுங்க. ஆனா எதையும் வெட்டிப்போடாதீங்க."

"ஏலக்காய்னு போட்டிருக்கியே, உன் தோட்டத்துல ஏலக்காய் ஏது?"

"போர்டுல இருக்கட்டும் மாமா. யாராச்சும் கேட்டாத் தீந்துபோச்சுன்னு சொல்லிக்கறேன்."

அவன் மனைவி உள்ளே இருந்து சொன்னாள்: "பாத்ரூம் வசதி உண்டுன்னு போடச் சொல்லுங்கண்ணா. டூரிஸ்ட் வண்டி அதுக்குத்தான் நிக்கும்."

"பாத்ரூம் இருக்கா அங்க?"

"பின்னாடி பூராத் தோட்டந்தானுங்க."

அந்தப் பட்டியலில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நான் வளைவில் போய் நின்று பார்த்தேன். ஏற்றம் அங்கே திடீரென்று கூடுகிறது. டிரைவர் கியர் மாற்றிக்கொண்டே இடதுபுறம் ஒரு பார்வை பார்ப்பான். அந்த ஒரு பார்வைதான் நமக்கு. அதில் ஒரு சொல்லைத்தான் படிக்க முடியும். இரண்டு தகரங்களைச் சேர்த்துப் பெரிய போர்டாக அடித்து, முழுவதும் வெள்ளை பூசி, இடது ஓரத்தில் கரும்பச்சையில் 'டீ' என்று தமிழில் ஒன்று, அதன் கீழே இங்கிலீஷில் ஒன்று, அவ்வளவுதான் என்றேன். வலதுபுறம் முழுவதும் வெறும் வெள்ளை.

மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில், என் அக்காவை இவருக்குக் கொடுத்தோமே என்பது இருந்தது.

பெயிண்டர் குன்னூர்க்காரர். சிறுவயதில் சிலோனில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் கதவுகளுக்கு நம்பர் எழுதிப் பழகியவர். இங்கே வந்தபின் லாரிகள், ரேஷன் கடைகள், கல்யாண மண்டபம் எல்லாம் எழுதியிருக்கிறார். சதுர அடிக்கு இவ்வளவு என்பது அவர் கணக்கு. மச்சினன் அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டான்.

"எழுதாத எடத்துக்குமா?"

"வெள்ள பூசுறது யாரு தொர? மழையா பூசும்?"

"அப்ப அந்த எடத்துலயும் எதையாச்சும் எழுதிருங்க. ஒரே காசுதானே."

நான் குறுக்கே புகுந்து தடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது வலதுபுற வெள்ளையின் நடுவில் ஒரு டீ கப் இருந்தது. மேலே மூன்று கோடுகளில் ஆவி. கப்பின் அடியில் சாஸர். சாஸரில் ஒரு பிஸ்கட்.

"என்னங்க இது?"

"வெள்ளையப் பாத்தா கை அரிக்குது தொர. நான் என்ன செய்ய?"

பிஸ்கட்டுக்காக அவர் தனியாக உழைத்திருந்தார் என்பது தெரிந்தது. இருந்தாலும் அழிக்கச் சொன்னேன். மேலே வெள்ளை பூசிவிட்டு, அவர் தன் பெயரையும் ஊரையும் மட்டும் ஓரத்தில் எழுதிக்கொண்டார், 'டீ'யில் பாதி உயரத்துக்கு. அதையும் சின்னதாக்க வைத்தேன். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

போர்டு ஏறிய முதல் நாளிலிருந்து ஊரே விசாரிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் கேரட் விற்கிறவர் வந்து, பெயிண்டர் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டார். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "மிச்சம் எப்பங்க எழுதுவீங்க?" என்று கத்திவிட்டுப் போனார். இலை விலை விழுந்த வருடத்தில், முடியாத வீடு, முடியாத காம்பவுண்ட், முடியாத கல்யாணம் எல்லாம் ஊருக்குள் நிறைய இருந்தன. அந்த வரிசையில் இது முடியாத போர்டு. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பணம் தீர்ந்துவிட்டது, பாவம். மேல்வளைவில் குடியிருக்கும் ஒரு அம்மா ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்கூட்டு கேட்டுக்கு அடிச்சது மிச்சம் இருந்துதுங்க. நீலக் கலரு. வேணும்னா எழுதிக்கங்க. திருப்பித் தர வேண்டாம்."

ஒரு கட்சிக்காரர் வந்து, இந்த இடத்தை வேறு கட்சி ஏதாவது புக் பண்ணியிருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை என்றதும் அளந்துகொண்டு போனார்.

கார்கள் வேகத்தைக் குறைத்தன. பார்த்தன. போய்விட்டன. கடை இன்னும் திறக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். சீசன் களைகட்டிவிட்டது. வளைவுக்கு மேலே நாய்க்குட்டி போர்டு வைத்த கடையில் கூட்டம். இங்கே என் மச்சினன் மனைவி பொட்டலங்களை ஒருமுறை அடுக்கி, கலைத்து, வேறு மாதிரி அடுக்கினாள். மச்சினன் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டான்.

ஒருநாள் காலை கடையைத் திறக்கப் போனபோது, வலதுபுற வெள்ளையின் சரியான நடுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் காலமாகியிருந்தார். சாலை நெடுக ஒட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு, இத்தனை பெரிய சுத்தமான வெள்ளை வேறெங்கும் கிடைத்திருக்காது. நான் பார்த்த அஞ்சலி போஸ்டர்களில் இறந்தவரைவிட இரங்குகிறவர்களின் முகங்கள்தான் பெரிதாக இருக்கும். இது அப்படி இல்லை. அவசரத்தில் அடித்தார்கள் போல. ஒரே படம், கீழே இரண்டு வரி. பெரியவர் வெள்ளைத் தலைப்பாகையும் வெள்ளைப் போர்வையுமாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்டர் தாளும் வெள்ளை. தலைப்பாகை எங்கே முடிகிறது, போர்டு எங்கே தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. மீசையும் கண்களும் மட்டும் அந்த வெள்ளையிலிருந்து வெளியே வந்தன.

மச்சினன் கிழிக்கப் போனான். "ஏனுங்க, செத்தவங்க படத்தக் கிழிக்காதீங்க, காரியம் முடியட்டும்" என்று அவள் தடுத்தாள்.

அன்றைக்கு முதல் கார் நின்றது. பெங்களூர் வண்டி. ஒருவர் இறங்கி, போஸ்டருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு படத்தைக் காட்டி இங்கிலீஷில், இவர்தான் கம்பெனியை ஆரம்பித்தவரா என்று கேட்டார். மச்சினன் தன் மனைவியைப் பார்த்தான். அவள், "பெரியவருங்க" என்றாள். அது பொய் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, பை நிறைய வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு கேரள வண்டிகள், வடக்கத்தி வண்டிகள். தமிழ் படிக்கத் தெரியாத அத்தனை பேருக்கும் அது போஸ்டர் அல்ல. போர்டின் பகுதி. இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊதுபத்தி, மூக்குப்பொடி, காப்பித்தூள், அப்பளம் என்று எதை வாங்கினாலும் அட்டையில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் இருந்தால் நம்புகிறோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. இல்லாமல் இருப்பதுதான் பொருத்தம் என்றே தோன்றும். பத்திரிகையிலும் அப்படித்தான். முதல் பக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள்கூட, ஏழாம் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் இருக்கும் ஓர் அஞ்சலி விளம்பர முகத்தைப் பார்க்காமல் பக்கம் திருப்ப மாட்டார்கள். சுற்றிலும் வெற்றிடம், நடுவில் முகம். விளம்பர மேலாளருக்கும் எனக்கும் நடந்த சண்டையில் இரண்டு பேருமே முகத்தை மறந்துவிட்டிருந்தோம்.

வியாபாரம் பிடித்துக்கொண்டது. அவள் தினமும் காலையில் பெரியவரின் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்தாள். மாலையில் பனிமஞ்சு இறங்குவதற்கு முன் பிளாஸ்டிக் தாளால் மூடினாள். மச்சினன் மறுபடியும் மாமா என்றான். பெயிண்டர் அந்தப் பக்கம் போனவர் நின்று பார்த்துவிட்டு, "கப்ப அழிக்கச் சொன்னீங்க, சவத்த வெச்சிருக்கீங்க" என்று என்னிடம் சொன்னார்.

பெரியவரின் மூத்த மகன் ஒரு மத்தியான நேரத்தில் வந்தார். கடையில் நானும் இருந்தேன். சால்வையைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நேரம் போர்டையே பார்த்தார்.

"இது எங்கப்பாங்க."

"தெரியுங்க," என்றாள் அவள். "உக்காருங்க. டீ போடட்டுங்களா?"

"எங்கப்பா ஆயுசுக்கும் டீயத் தொட்டதில்லீங்க. காப்பிதான்."

ஒரு கார் நின்று, பொட்டலம் வாங்கி, பெரியவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மகன் அதையும் கவனித்தார்.

"ஊருக்குள்ள பேசறாங்கம்மா. அப்பாவ வெச்சு நீங்க யாவாரம் பண்றீங்கன்னு."

"ஒட்டுனது உங்காளுங்கதானுங்க."

"அதுவும் நெசந்தான்." அவர் கொஞ்சம் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "காரியம் முடிஞ்சுதும்மா. நான் எடுத்துக்கறேன். கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க."

அவள் அடுப்பிலிருந்த தண்ணீரையே கொடுத்தாள். அவர் தாளை நனைத்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, முகம் கிழியாமல் எடுத்துச் சுருட்டிக்கொண்டார். வெள்ளையில் பசையின் ஒரு சதுரம் மட்டும் நின்றது.

அடுத்த நாள் கார்கள் பழையபடி பார்த்துவிட்டுப் போயின. அதற்கடுத்த நாளும். சீசன் முடிய அதிகம் இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்குத் திருப்பூரிலிருந்து ஃபோன் வந்தது. கம்பெனியில் நெருக்குகிறார்கள், என்ன முடிவு என்று அண்ணன் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அந்த எடத்துல ஒரு மூஞ்சி வேணும், அவ்வளவுதானுங்கண்ணா?"

"அவ்வளவுதான்."

"நான் வேணா ஒண்ணு எடுத்து வெக்கட்டுமா?" என்றான் மச்சினன், மீசையைத் தடவிக்கொண்டு.

"உங்க மூஞ்சிக்கு பஸ்ஸே நிக்காது," என்றாள். "என்ற போட்டோவ வெக்கறேன்."

அவன் குதித்தான். பெண்பிள்ளை படத்தை ரோட்டில் வைப்பதா, அதுவும் உயிரோடு இருக்கிறவளை, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றான். "அந்தப் பெரியவரு செத்துப்போனதால நம்பறாங்க. அதுக்காக நானும் செத்தாத்தான் வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் குன்னூருக்கு பஸ் ஏறினாள். ஸ்டுடியோக்காரர் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இலை பறிக்கிற மாதிரி நிற்கச் சொன்னாராம். சிரிக்கவும் சொன்னாராம். "சீசன் முடியப்போகுது, எனக்கென்னங்க சிரிப்பு" என்று உட்கார்ந்தபடியே எடுத்துக்கொண்டாள். கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர், எண்ணெய் தடவி இழுத்து வாரிய தலை, ரேஷன் கார்டுக்கு எடுத்தது போன்ற முகம். பெரிதாக்கி வந்த படத்தைப் பசைச் சதுரத்தின் மேலேயே ஒட்டச் சொன்னேன். ஒட்ட வந்த பெயிண்டர் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"சுத்தி ரொம்ப வெறிச்சினு இருக்கு. ஒரு மாலை வரஞ்சிறவா?"

"நான் இன்னும் சாகலீங்க," என்றாள்.

கார்கள் நின்றன. பெரியவருக்கு நின்ற அளவு இல்லை. ஆனால் நின்றவர்கள் இறங்கி, படத்தைப் பார்த்து, கடைக்குள் அவளைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார்கள். அதே ஸ்வெட்டர், அதே முகம், அதே சிரிக்காத வாய். ஆள் நேரில் இருக்கும்போது பேரம் பேசக் கூச்சப்பட்டு வாங்கினார்கள். சிலர் அவளைப் போர்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சிக்கல் உள்ளூரில்தான். பஸ்ஸில் போகிறவர்களுக்கு, வெள்ளையின் நடுவில் ஒரு தனி முகம் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இரண்டே நாளில் செய்தி மலையிறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையிலிருந்து வரும் பஸ் வளைவில் நின்றது. அவளுடைய அண்ணன் இறங்கினார். கையில் ரோஜா மாலை. கண் சிவந்திருந்தது. கடையில் அவள் ஒரு டூரிஸ்ட்டிடம், இதற்குக் கீழே குறைக்க முடியாது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் மாலையோடு அப்படியே நின்றார்.

"வாண்ணா," என்றாள் அவள். "சாப்ட்டியா?"

"உசுரோட இருக்கறவ போட்டோவ நடு ரோட்டுல எவன்டி வெக்கச் சொன்னது?"

"இந்தா, இந்த அண்ணந்தான் எடத்தக் காலியா வுட்டுட்டாரு," என்று என்னைக் கை காட்டினாள்.

என்ன சொல்வார் என்று பயந்தேன். அதற்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அவர் மாலையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பொட்டலத்துக்கு ரப்பர் பேண்ட் போட ஆரம்பித்தார். பனியன் கம்பெனிக் கை. எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் போட்டது. சாயங்காலம்வரை அவரை யாரும் உட்கார விடவில்லை.

மஞ்சு இறங்கியதும் கூட்டம் குறைந்தது. அவர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப, அங்க வேற ஆளுகளப் போட்டுக்கச் சொல்லிறட்டுமா?"

அவள் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தாள்.

"சொல்லிருண்ணா."

"ரெண்டு வேலையுமா?"

மச்சினன் வாயைத் திறந்தான். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ரெண்டும்," என்றாள்.

கீழே போகும் பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. அவர் எழுந்து, அடுக்கிலிருந்து நான்கு பொட்டலங்களை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் அந்தப் பையைத் திறந்து இரண்டை எடுத்துத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.